முதிய பாலத்துக்கு மரியாதை

வீட்டில் வயது முதிர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பாரம் சுமக்க அவருக்கு இனிச் சக்தியில்லை. அதற்காக அவரைத் திண்ணையிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுவோமா? அமெரிக்காவின் ஒக்லஹோமா மாகாணத்தில், கிராமப்புறத்து எஃகுப் பாலம் ஒன்றைக் குறித்து இதே கேள்வி எழுந்தது.

தென் கனேடியன் நதியின் படுகை அகலமானது, மணல் நிறைந்தது. அங்கே முன்பு ஒரு தொங்கு பாலம் இருந்தது. அதைக் கட்டியவர்கள் தனியார். கடப்போர் சுங்கம் செலுத்தியாக வேண்டும். பிறகு மாகாண அரசாங்கம் வேறோரிடத்தில் புதுப் பாலம் அமைத்து, 1933-ல் திறந்தது. அக்காலத்துக் கவர்னர் வில்லியம் மர்ரேயின் பெயர் அதற்கு இடப்பட்டது. நீளம் ஏறக்குறைய 4,000 அடி. கண்கள் 38, ஒவ்வொன்றும் 100 அடி. நாற்கோணச் சட்டத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணமோ உருக்குலையாது. ஆகவே எஃகுச் சட்டங்களை முக்கோணங்களாகப் பிணைத்து, இருபுறமும் நிறுத்தினார்கள். மஞ்சள் வர்ணத்தில், வளைந்த முதுகுடன், ஒட்டகங்கள் வரிசையாய் நிற்பதுபோல் அவை தோன்றும்.

புதுச் சாலை வழியைக் குறுக்கியது. ஆனால் அதனால் ஒதுக்கப்பட்ட பிரிட்ஜ்போர்ட் என்னும் சிற்றூர் களையிழந்தது. பெயரிலே பாலத்தைக் கொண்ட ஊரைப் பாலமே கைவிட்டது!

மழை பொய்த்து, புழுதிப் புயல் வயல்களை வாரிக்கொண்டு போன காலம் அது. நிலமிழந்த குடியானவர்கள், தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய மோட்டார்களில் ஏற்றி, கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்கள் சென்ற 66-ஆம் எண் நெடுஞ்சாலை இப்பாலத்தின் மீதுதான் சென்றது. அவர்களுடைய துயரத்தைச் சித்தரித்த ஜான் ஃபோர்டின் 1940-ஆம் வருஷத்துப் படத்திலும் இப்பாலத்தைக் காணலாம்.

ஆண்டுகள் சென்றன, எஃகு துருவேறியது. கனத்த லாரிகளுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. இடித்துத் தள்ளிப் புதிதாய்க் கட்டுவது சுலபம். அப்படியே விட்டுவைப்பதோ அபாயம். அண்மை ஆண்டுகளில் பொறியாளர்கள் மூன்றாவது வழி ஒன்று கண்டார்கள். புதிய உத்தரங்களை அமைத்துப் பாதையை அகலமாக்கினார்கள். பழைய சட்டங்களைக் கழற்றிச் செப்பனிட்டு, மீண்டும் இருபுறமும் பொருத்தினார்கள்.

இன்று பாரத்தைச் சுமப்பவை புதிய உத்தரங்கள். பழைய சட்டங்கள் சுமப்பது நினைவை மட்டுமே. பாலம் பழைய பாலந்தானா என்று சிலர் கேட்கலாம். வேலையைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்ட பின்னரும், வீட்டுக்குப் பெரியவர் பெரியவர்தானே!