கம்பெனி லாரி டிரைவர் வேலை லாபமா, நஷ்டமா? சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி!

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும், செராமிக் தொழிற்பேட்டை. நெய்வேலி பக்கம் கிடைக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. இன்சுலேட்டர், ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு, பொம்மை என எதைச் செய்தாலும் மண் வருவதும் லாரியில், சுட்ட சரக்கு வெளியூர் போவதும் லாரியில்.

இப்படிப்பட்ட ஊரில், படிப்பை முடித்த இளைஞருக்குச் சூளை வேலையா, ஸ்டியரிங்கா என்ற கேள்வி வருவது இயல்பு. டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் போய் "மாசம் எவ்வளவு சார் வரும்?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "சம்பளம் இவ்வளவு... பேட்டா தனி."

அந்தத் 'தனி'யில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

பேட்டா: சாப்பாட்டுக் காசா, சம்பளமா?

பேட்டாவைத் தமிழில் படி என்போம். அகவிலைப்படி, பயணப்படி என்று அரசு ஊழியர் சம்பளப் பட்டியலில் வருகிற அதே படிதான். வெளியூர் போகிறவரின் சாப்பாடு, டீ, குளியல் செலவுக்காகக் கொடுக்கப்படும் காசு. ஆனால், லாரித் தொழிலில் பல இடங்களில் அதுவே வருமானத்தின் பெரிய பங்காகிவிட்டது. வண்டி ஓடினால் பேட்டா. வண்டி ஒர்க் ஷாப்பில் நின்னாலோ, லோடு கிடைக்காவிட்டாலோ, உங்களுக்கே காய்ச்சல் வந்து படுத்தாலோ பேட்டா கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இவை புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள். இரண்டு டிரைவர்கள், இருவருக்குமே மாதம் 20,000 ரூபாய். ஒருவருக்கு முழுத் தொகையும் சம்பளமாகவே எழுதப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கு 12,000 சம்பளம், 8,000 பேட்டா.

பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், அதே அளவு தொகையை நிறுவனமும் போட வேண்டும். 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்துக் கணக்கிட்டால் முதல் டிரைவருக்கு இரண்டு பங்கும் சேர்த்து மாதம் 3,600 ரூபாய் சேரும். 12,000-க்கு மட்டும் பிடித்தால் இரண்டாமவருக்கு 2,880 ரூபாய். மாதம் 720 ரூபாய் வித்தியாசம். பத்து வருஷம் ஓட்டினால் வட்டி இல்லாமலே 86,400 ரூபாய்!

இ.எஸ்.ஐ.யில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். உரிய சந்தா கட்டியவர் நோயில் படுத்தால், சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாட்கள் கிடைக்கும். முதல் டிரைவருக்கு நாளுக்குச் சுமார் 466 ரூபாய், இரண்டாமவருக்கு 280 ரூபாய். முதுகுவலி இல்லாத லாரி டிரைவரைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இது சின்ன விஷயம் இல்லை.

முழுச் சம்பளமாக எழுதினால் பிடித்தம் போக கையில் வருவது கொஞ்சம் குறையும், அது உண்மைதான். "எனக்குக் கையில காசா வந்தா போதும் சார்" என்று சொல்பவர்களின் நிலைமையும் புரிகிறது. ஆனால் அந்தக் காசு, உடம்பு நன்றாக இருக்கும் வரைக்கும்தான்.

எல்லா கம்பெனியிலும் இது கிடைக்குமா?

கிடைக்காது. பி.எஃப். பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், இ.எஸ்.ஐ. 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கும்தான். மூன்று, நான்கு வண்டி வைத்திருக்கும் முதலாளியிடம் சேர்ந்தால் இரண்டுமே வராமல் போகலாம். அந்த இடத்தில் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்திலாவது பதிவு செய்துகொள்வது அவசியம். ஒரு பெரிய கம்பெனியில் சேர்வதன் முதல் பலனே இதுதான், பெயர் ஒரு ரெஜிஸ்டரில் ஏறுகிறது. வங்கியில் கடன் கேட்டாலும் சம்பளச் சீட்டைத்தானே கேட்கிறார்கள்?

சின்ன முதலாளியிடம் வேறு வசதி உண்டு. ஒரே ஊர்க்காரர், அவசரத்துக்கு அட்வான்ஸ் தருவார், பொங்கலுக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். இதற்கெல்லாம் கணக்கில் எண் போட முடியாது.

கேட்டில் நிற்கும் நேரம் யாருடையது?

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொலைதூர ஓட்டத்துக்கு அனுமதி பெற்றால் 10 மணி நேரம் வரை போகலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணி நேர ஓய்வு கட்டாயம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்தச் சட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. அதிலும் நாளுக்கு 8 மணி நேரம்தான்.

ஆனால், 1961 சட்டத்தில் ஒரு வரி இருந்தது. டெர்மினலில் சும்மா காத்திருப்பது 15 நிமிடத்துக்குள் இருந்தால்தான் அது வேலை நேரத்தில் சேரும். குடோன் வாசலில் இரண்டு நாள் நின்ற அனுபவம் உள்ளவர்கள் இதைப் படித்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆக, ஹால்டிங் பேட்டா எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, எவ்வளவு என்பதைச் சேரும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

இது நம்ம ஊர் பிரச்னை மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் ஏராளமான டிரைவர்களுக்கு மைல் கணக்கில்தான் கூலி, நின்றால் வருமானம் இல்லை. ஆனால் அங்கே ஒரு ஷிஃப்டில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது, அதை வண்டியில் இருக்கும் மின்னணுக் கருவி பதிவு செய்கிறது. இங்கே நேரத்தை எண்ணுவது டிரைவரின் கண் எரிச்சல்தான்.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். புது வண்டி வாங்கும் கம்பெனியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் இந்த லாபம் தெரியும்.

சரக்கு உடைஞ்சா யார் கட்டுவது?

செராமிக் ஊரில் இது முக்கியமான கேள்வி. வைக்கோல் வைத்துக் கட்டினாலும் உடைசல் வரும். சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ன்படி சரக்குக்குப் பொறுப்பு, அதை ஏற்றுக்கொண்ட போக்குவரத்து நிறுவனம். டிரைவர் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால், அவருடைய கவனக்குறைவால்தான் நஷ்டம் என்று காட்ட வேண்டும், பிடிப்பதற்கு முன் அவருடைய விளக்கத்தையும் கேட்க வேண்டும். லோடு ஏற்றும்போதே செல்போனில் நாலு போட்டோ எடுத்து வைப்பது டிரைவருக்குப் பாதுகாப்பு.

ஓவர்லோடு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சட்டம் சொல்வது 'ஓட்டுபவர் அல்லது ஓட்டச் செய்பவர்' என்று. ஏற்றச் சொன்னவர் ஆபீஸில் இருப்பார், செக்கிங்கில் கீழே இறங்குவது நீங்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் பழைய சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 5 ஆண்டு வரை. தகவல் சொல்லாமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை என்ற 106(2) பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரி தொடக்கத்தில் வட மாநிலங்களில் லாரிகள் நின்றன. அந்த ஆண்டு ஜூலை 1-ல் சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. "வழக்கு வந்தா வக்கீல் யார், ஜாமீன் செலவு யாருது?" என்று கம்பெனியில் கேட்பது தவறே இல்லை. வெளிமாநிலத்தில் வழக்கு என்றால் வாய்தாவுக்குப் போகும் நாளும் ஓட்டம் இல்லாத நாள்தான்.

சொந்த வண்டி வாங்கிடலாமே?

தவணை, டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி., டீசல் எல்லாம் உங்கள் தலையில் வரும். லோடு இல்லாத மாதத்திலும் தவணை நிற்காது. கொஞ்ச வருஷம் அடுத்தவர் வண்டியில் ஓட்டி, எந்த ரூட்டில் திரும்பி வரும்போதும் லோடு கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு யோசிக்கலாம்.

ஹெவி லைசென்ஸ் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 7,500 கிலோ வரை எடையுள்ள சரக்கு வாகனத்தை இலகுரக லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தொழிற்பேட்டையிலிருந்து உள்ளூர் லோடு அடிக்கும் சின்ன வண்டிகள் இந்த எடைக்குள்தான் வரும். ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கலாம், பேட்டா குறைவு. இந்த வேலை நமக்கு ஒத்து வருமா என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும், பிறகு ஹெவிக்குப் போகலாம். அங்கேயும் சேரும் முதல் நாளே கேளுங்கள்: "சம்பளச் சீட்டில் எவ்வளவு எழுதுவீங்க?"