ஏழு லைன், ஒரே கேபிள்

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் படித்த யாரிடமும் மல்டிபிளெக்சிங் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும்: பல சிக்னல்களை ஒரே ஊடகத்தில் சேர்த்து அனுப்புவது. இரண்டு மார்க் நிச்சயம். எஃப்டிஎம்முக்கும் டிடிஎம்முக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணை போட்டு எழுதினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அதோடு அந்த யூனிட் முடிந்தது. கேபிள் அறுந்தால் நெட்வொர்க் என்ன ஆகும் என்பது வேறு யூனிட். அதைப் பாதிப் பேர் சாய்ஸில் விட்டுவிடுவார்கள். இந்த இரண்டையும் தனித்தனியாகப் படிப்பதுதான் தப்பு. ஒன்றின் லாபம்தான் மற்றதன் ஆபத்து.

முதலில் கொஞ்சம் அடிப்படை. ஒரு கட்டடத்துக்குள், ஒரு கேம்பஸுக்குள் இருப்பது லேன். அங்கே கேபிள் மலிவு, இன்னொன்று வேண்டுமென்றால் இழுத்துக்கொள்ளலாம். ஊர்களையும் நாடுகளையும் இணைப்பது வைட் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாக வேன் (காலேஜுக்கு ஆள் ஏற்றி வரும் வேன் அல்ல). இதில் பெரிய செலவு கம்பிக்கு அல்ல. பள்ளம் தோண்டவும், அனுமதி வாங்கவும், கடலடியில் கேபிள் போடக் கப்பல் அமர்த்தவும்தான் பணம் கரைகிறது. அதனால் ஒருமுறை போட்ட கம்பியில் எத்தனை பேரை ஏற்ற முடியும் என்பதே இந்தத் துறையின் நிரந்தரக் கவலை. தந்தி காலத்திலேயே இந்தக் கவலை இருந்தது. 1874-ல் எடிசன் ஒரே கம்பியில் நான்கு தந்திகளை அனுப்பிக் காட்டினார். பல தந்திகளைப் பல சுருதிகளில் ஒரே கம்பியில் அனுப்பும் முயற்சியில் இருந்தபோதுதான் கிரகாம் பெல்லின் கவனம் டெலிபோன் பக்கம் போனது.

எஃப்டிஎம் என்பது எஃப்எம் ரேடியோ மாதிரி. ஆளுக்கு ஒரு அலைவரிசை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம். டெலிபோனில் ஒரு குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் ஒதுக்கி, 12 குரல்களை அடுக்கி ஒரு குரூப் ஆக்கினார்கள். டிடிஎம்மில் அலைவரிசைக்குப் பதிலாக நேரம் பங்கு போடப்படுகிறது. ஒரு குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட். இப்படி 32 இடங்கள் சேர்ந்தது ஒரு ஈ-1 லைன், மொத்தம் 2.048 மெகாபிட். அதில் 30 இடங்கள் பேச்சுக்கு, மீதி இரண்டு நிர்வாகத்துக்கு.

இதில் ஒரு வீண் இருக்கிறது. டிடிஎம் ரிசர்வேஷன் டிக்கெட் போன்றது. பயணி வராவிட்டாலும் சீட் காலியாகவே போகும். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதால், போனில் ஒவ்வொரு திசையும் பாதி நேரத்துக்கு மேல் மௌனமாகவே கிடக்கிறது (சில வீட்டு போன்கள் விதிவிலக்கு). 1956-ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் டெலிபோன் கேபிளில் 36 பேச்சுகளுக்குத்தான் இடம். 1960-ல் ஒரு கருவியைப் பொருத்தி, ஒருவர் வாய் மூடியிருக்கும் கணத்தில் அவருடைய இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். இடம் ஏறக்குறைய இரட்டிப்பானது. பாக்கெட் ஸ்விட்சிங்கும் இதே மனப்போக்குதான். ரிசர்வேஷன் கிடையாது, ஷேர் ஆட்டோ. வந்தவர் ஏறிக்கொள்ளலாம், கூட்டம் அதிகமானால் நிற்க வேண்டியதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இன்றைய இன்டர்நெட் முழுக்க ஓடுகிறது.

அப்புறம் வந்தது ஒளி. ஒரே ஃபைபரில் வெவ்வேறு அலைநீளங்களை, அதாவது வெவ்வேறு நிறங்களை, சேர்த்து அனுப்புவது டபிள்யூடிஎம். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை போகும் சீ-மீ-வீ 4 கேபிள் 2005-ல் வேலைக்கு வந்தது. சென்னையிலும் மும்பையிலும் அது கரையேறுகிறது. அதன் தொடக்க வடிவமைப்பில் இரண்டு ஜோடி ஃபைபர்கள், ஜோடிக்கு 64 நிறங்கள், நிறத்துக்கு 10 கிகாபிட். பெருக்கினால் 1.28 டெராபிட். பழைய 64 கிலோபிட் குரல் கணக்கில் போட்டால் 2 கோடி பேர் ஒரே சமயத்தில் பேசலாம். தலைமுடி அளவே உள்ள நான்கு கண்ணாடி இழைகளில்!

பாடப்புத்தகம் இந்த இடத்தில் வியந்து நின்றுவிடுகிறது. 2 கோடி பேர் நான்கு இழைகளில் போகிறார்கள் என்றால், ஒரு வெட்டில் விழுவதும் 2 கோடி பேர்தானே?

1986 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவில் நடந்ததை நெட்வொர்க் வகுப்பின் முதல் நாளிலேயே சொல்ல வேண்டும். இன்டர்நெட்டின் தாயான ஆர்ப்பாநெட், நியூ இங்கிலாந்து பகுதியை மற்ற அமெரிக்காவோடு ஏழு தனித்தனி லைன்களால் இணைத்திருந்தது. எம்ஐடி அங்கே இருக்கிறது. ஆர்ப்பாநெட்டின் ஸ்விட்ச்களைச் செய்த பிபிஎன் நிறுவனமும் அங்கேதான் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் ஏழு கோடுகள், அசைக்க முடியாத அமைப்பு. ஆனால் அந்த ஏழையும் டெலிபோன் கம்பெனி மல்டிபிளெக்ஸ் செய்து ஒரே ஃபைபர் கேபிளில் ஏற்றியிருந்தது. நியூயார்க் அருகே எங்கோ அந்தக் கேபிள் அறுந்தது. ஏழும் ஒன்றாகப் போயின. சுமார் 11 மணி நேரம் நியூ இங்கிலாந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது.

இதில் யாரும் முட்டாள் இல்லை என்பதுதான் வேதனை. ஆர்ப்பாநெட்காரர்கள் ஏழு லைன் கேட்டார்கள், ஏழு லைன் கிடைத்தது. டெலிபோன் கம்பெனி ஏழு லைனை ஒரு கேபிளில் போட்டுச் செலவைக் குறைத்தது, அது அதன் தொழில். தப்பு இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருந்தது. மேல் அடுக்கில் இருப்பவருக்குக் கீழ் அடுக்கு தெரியத் தேவையில்லை என்று லேயர் மாடலைப் புகழ்ந்து எழுதுகிறோமே, அந்தப் புகழுக்கான விலை இது.

பால் பேரன் 1964-ல் எழுதியபோது, ஒவ்வொரு முனைக்கும் மூன்று நான்கு இணைப்புகள் இருந்தாலே நெட்வொர்க் பெரும் அடியைத் தாங்கும் என்று காட்டினார். இங்கே இருந்ததோ ஏழு! அவருடைய கணக்கு சரிதான். ஆனால் இணைப்புகள் தனித்தனியாக அறுந்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். ஒரு லைன் அறுந்து கிடக்கும் வாய்ப்பு நூறில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஏழு தனி லைன்களும் ஒரே நேரத்தில் அறுந்து கிடக்கும் வாய்ப்பு ஒன்றுக்குப் பின் 14 சைபர் போட்ட எண்ணில் ஒரு பங்கு. ஏழும் ஒரே கேபிளில் இருந்தால் அதே பழைய நூறில் ஒன்று. காகிதத்தில் ஏழு கோடு வரைந்ததால் எதுவும் மாறவில்லை.

அது அந்தக் காலம் என்று தள்ளிவிட முடியாது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கேபிள்களும் சில மணி நேர இடைவெளியில் அறுந்தன. இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகும் பாதை சுருங்கிப்போய் பிபிஓ கம்பெனிகள் திண்டாடின. கேபிள்கள் வேறு, சொந்தக்காரர்கள் வேறு. ஆனால் ஐரோப்பாவுக்குக் குறுக்குவழி எகிப்துதான் என்பதால் இரண்டும் ஒரே வாசலில் நுழைந்தன. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே மறுபடியும் சீ-மீ-வீ 4, கூடவே ஐ-மீ-வீ. இந்தியாவிலும் இன்டர்நெட் மந்தமானது. அறுந்த கேபிளின் ஆட்களெல்லாம் மீதமிருந்த ஷேர் ஆட்டோக்களில் ஏறினால் வேறென்ன ஆகும்?

அதற்காக மல்டிபிளெக்சிங்கைக் குறை சொல்வது அபத்தம். அது இல்லையென்றால் சின்ன ஊர்களுக்கு லைனே வந்திருக்காது. எல்லாக் கேபிளையும் இரட்டிப்பாக்கவும் யாரிடமும் பணம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான் குறை. ஒரு அலுவலகம் 'பேக்கப் வேண்டும்' என்று இரண்டு கம்பெனிகளிடம் லைன் வாங்குகிறது. இரண்டாவது கம்பெனி முதல் கம்பெனியின் ஃபைபரையே வாடகைக்கு எடுத்திருக்கலாம். அல்லது இரண்டும் தெருமுனையில் ஒரே பள்ளத்தில் படுத்திருக்கலாம். எஸ்டிஹெச் வளையம் 50 மில்லி செகண்டில் மறுபக்கம் திரும்பிவிடும் என்று படிக்கிறோம். உண்மைதான். ஆனால் வளையத்தின் இரண்டு கைகளும் ஒரே பள்ளத்தில் ஓடினால், பொக்லைன் ஒரே அள்ளில் இரண்டையும் எடுத்துவிடும். பில்லில் இரண்டு கம்பெனி பெயர் இருப்பதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிறவர்கள், லைன் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று ஒரு வரைபடம் கேட்டு வாங்கலாம்.

கேள்வித்தாள் எடுப்பவர்களும் எஃப்டிஎம், டிடிஎம் அட்டவணைக்கு ஒரு வருடம் ஓய்வு கொடுத்துவிட்டு இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: "ஓர் ஊருக்கு ஏழு லைன்கள் வருகின்றன. ஏழும் ஒரே நேரத்தில் செத்துப்போக எத்தனை இடத்தில் வெட்ட வேண்டும்? விடை சொல்வதற்கு முன் யார் யாரிடம் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று எழுதுக." பதினாறு மார்க்.