ஏறாத கண்ணாடி



வீட்டில் நாம் அன்றாடம் புழங்கும் பொருள்களின் பழுதுகளைப் பற்றி இப்பகுதியில் எழுதி வருகிறேன். இம்முறை எழுதப்போவது ஒரு காரின் கதவுக் கண்ணாடியைப் பற்றி. அதனோடு சேர்த்து என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

சென்ற ஆடி மாதத்தில், பாலக்காட்டில் நடந்த ஒரு நிக்காஹ் வைபவத்திற்காக மதுக்கரையிலிருந்து குடும்பத்துடன் காரில் புறப்பட்டோம். மதுக்கரைவாசிகளுக்கு ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்த பாலக்காட்டுக் கணவாயின் வழியாகப் புகுந்து வரும் அந்தக் காற்று, புழுதியை ஒருபுறம் வாரி இறைக்கும். வாளையாற்றைத் தாண்டினால் மறுபுறம் மழையைக் கொண்டுவந்து கொட்டும். அன்றும் அவ்வாறே நிகழ்ந்தது. பின்னிருக்கையில் இடப்புறம் அமர்ந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன், ஏழு வயதுச் சிறுவன், பொத்தானை அழுத்திக் கண்ணாடியைக் கீழே இறக்கி வேடிக்கை பார்த்து வந்தான். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றுமாறு சொன்னோம். அவன் எவ்வளவு முயன்றும் அது ஏறவில்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து நான் அழுத்தியும் பயனில்லை. கல்யாணத்திற்கு உடுத்திய உடைகள் அனைத்தும் நனைந்து போயின.

"சும்மா சும்மா அழுத்தி அழுத்தி மோட்டாரைக் கெடுத்துவிட்டாயே!" என்று எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். "நான் கெடுக்கலே நன்னா, ஒருதரம்தான் அழுத்தினேன்" என்றான். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலீமா விருந்தில் அவன் ஒரு கவளம்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு என் மகள் சொன்னாள்.

மறுநாள் ஒரு பணிமனைக்குச் சென்றேன். பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "மோட்டார் போய்விட்டது, செட்டாகத்தான் மாற்ற வேண்டும், நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். பேரனைப் பற்றி நான் சொன்ன தீர்ப்புக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். ஆயினும் தொகை பெரிதாகத் தோன்றியதால், குனியமுத்தூரில் வாகன மின்வேலை செய்யும் ஒரு சகோதரரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்று போனேன்.

அவர் செய்த சோதனையைச் சொல்லும் முன், கதவுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி கார்களில் கைப்பிடியைச் சுழற்றிக் கண்ணாடியை ஏற்றியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கை செய்த வேலையை இப்போது 12 வோல்ட்டில் இயங்கும் ஒரு சிறு மோட்டார் செய்கிறது. அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் 1940-லேயே இவ்வசதி வந்துவிட்டது. மோட்டாரின் சுழற்சியைக் கண்ணாடியின் ஏற்ற இறக்கமாக மாற்றும் கருவிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். சிலவற்றில் அது கத்தரிக்கோல் போன்ற இரும்புக் கைகளால் ஆனது. சிலவற்றில் உருளைகளில் ஓடும் எஃகுக் கம்பியால் ஆனது. சுழற்சியை நேர் அசைவாக மாற்றும் இந்தக் கலை நமக்குப் புதியதன்று. தியார்பக்ரில் வாழ்ந்த இஸ்மாயீல் அல்-ஜஸரீ அவர்கள், 1206-இல் எழுதி முடித்த தம் இயந்திர நூலில், நீர் இறைக்கும் பொறிகளில் இதே தத்துவத்தைப் பயன்படுத்தும் விதத்தைப் படிப்படியாக விளக்கியிருக்கிறார்கள். நம் கோவையும் மோட்டார்களுக்குப் பேர்போன ஊர். ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் ஆகியோர் 1937-இல் உள்நாட்டிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டியது இங்கேதான்.

ஒரு கண்ணாடி ஏறவில்லை என்றால் பழுது ஆறு இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: ஃபியூஸ், சுவிட்ச், ஒயர், மோட்டார், ரெகுலேட்டர், கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங். மோட்டார் இவற்றுள் ஒன்றுதான். ஆனால் விலை அதிகமானதும், பழி எளிதில் விழுவதும் அதன் மேல்தான்.

குனியமுத்தூர்ச் சகோதரர் கருவி எதையும் உடனே எடுக்கவில்லை. முதலில் மற்ற மூன்று கண்ணாடிகளையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவை இயங்கின. எல்லாம் ஒரேயடியாக நின்றிருந்தால் ஃபியூஸை முதலில் பார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவில் உள்ள பூட்டுப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்றும் கவனித்தார். அது அழுந்தியிருந்தால் மற்றக் கதவுகளின் பொத்தான்கள் வேலை செய்யா. இதை அறியாமல் பணிமனைக்கு வந்து நிற்போரும் உண்டு.

பிறகு, "எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் போடுங்க பாய், உள்விளக்கை எரிய விடுங்க. அந்தக் கதவில் உள்ள பொத்தானையே அழுத்துங்க" என்றார். ஏற்றுவதற்கு அழுத்தினேன். ஓசை இல்லை, விளக்கிலும் மாற்றம் இல்லை. "இப்போது இறக்குவதற்கு அழுத்துங்க." ஏற்கெனவே கண்ணாடி அடியில்தான் இருந்தது. ஆனால் கதவுக்குள் 'டக்' என்று ஒரு சிறு ஓசை கேட்டது; உள்விளக்கு ஒரு கணம் மங்கிற்று.

"மோட்டாருக்கு உயிர் இருக்கு பாய்" என்றார் அவர்.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே மோட்டார். மின்சாரம் பாயும் திசை மாறினால் அது சுழலும் திசை மாறும், அவ்வளவே. இறக்கும் திசையில் உந்துகின்ற மோட்டார், ஏற்றும் திசையில் அசைவே காட்டாமல் கிடந்தால், பெரும்பாலும் குறை மோட்டாரில் இல்லை. அதற்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது. விளக்கு மங்கி, மோட்டார் முனகி, கண்ணாடி மட்டும் அசையாதிருந்தால் எங்கோ இறுகிக்கொண்டது என்று பொருள். மோட்டார் தாராளமாகச் சுழலும் ஓசை கேட்டும் கண்ணாடி ஏறாவிட்டால் ரெகுலேட்டர் கம்பி அறுந்திருக்கும் அல்லது கிளிப் உடைந்திருக்கும். இரு திசையிலும் அமைதி என்றால்தான் மோட்டாரையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அப்போதும் மோட்டாரின் இணைப்பில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, இரு திசையிலும் விளக்கு எரிந்தும் மோட்டார் சுழலாவிட்டால் மட்டுமே மாற்ற வேண்டும்.

அடுத்து, பொத்தானை நான் ஏற்றும் நிலையில் பிடித்திருக்க, அவர் அந்தக் கதவை மெல்லத் திறந்தும் மூடியும் பார்த்தார். பாதி திறந்த நிலையில் கண்ணாடி துள்ளி இரண்டு அங்குலம் ஏறி நின்றது! கதவுக்கும் தூணுக்கும் இடையே ஒரு கறுப்பு ரப்பர்க் குழாய் உண்டு. கதவுக்குப் போகும் ஒயர்கள் அதற்குள் செல்கின்றன. கதவைத் திறக்கும்போதெல்லாம் அவை வளைகின்றன, மூடும்போதெல்லாம் நிமிர்கின்றன. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு மடங்கி மடங்கி ஒன்று உள்ளே முறிந்துவிடுகிறது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, குழாயைத் தளர்த்திக் காட்டினார். ஓட்டுநர் பக்கத்திலிருந்து வரும் இரண்டு ஒயர்களில் ஒன்று, மேலுறை நன்றாயிருக்க, உள்ளிருந்த செம்புக்கம்பி அறுந்து கிடந்தது. ஏற்றும் மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி அதுவே. ஆகவேதான் இறங்கிய கண்ணாடி ஏறவில்லை. என் பொத்தானும் பலிக்கவில்லை. வளையும் தன்மையுள்ள புது ஒயரைச் சற்று நீளமாக இணைத்து, ஈயப்பற்று வைத்து, உறை மூடினார். கூலி 350 ரூபாய்.

அத்துடன் விடவில்லை. பீடிங்கின் ஓடையில் விரலை ஓட்டிக் காட்டினார். மாவு போலப் புழுதி ஒட்டியது. "நம்ம பக்கத்துக் காற்றுக்கு இதுதான் பாய் அடுத்த நோவு" என்றார். ஓடையில் தூசி சேர்ந்தால் கண்ணாடி திணறும்; திணறினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துச் சூடேறும். ஈரத்துணியைச் சிறு குச்சியில் சுற்றி ஓடையைத் துடைத்து, உலர்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே அடிக்க வேண்டும். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ பூசலாகாது; அவை ரப்பரை ஊதச் செய்யும், மேலும் புழுதியைச் சேர்க்கும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

தாமாகவே கதவின் உள்பலகையைக் கழற்ற விரும்புவோர் சிலவற்றை மறக்கலாகாது. பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றுங்கள். கண்ணாடி நழுவி விழாதபடி பட்டையான டேப்பால் மேலே ஒட்டி நிறுத்துங்கள். ரெகுலேட்டரின் கைகளுக்கிடையே விரலை நுழைக்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறியாதீர்கள்; மழைநீர் உள்ளே வராமல் காப்பது அதுவே. கதவிலோ பக்கவாட்டிலோ காற்றுப்பை உள்ள புதுக்கார்களில் இவ்வேலையைத் தேர்ந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

இனி, தாய்மார்கள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று. இந்தச் சிறு மோட்டார் ஒரு குழந்தையின் கழுத்தை நெரிக்கப் போதுமான வலிமை உடையது. வெளியே தலையை நீட்டிய குழந்தையின் முழங்கால் பொத்தானில் பட்டுக் கண்ணாடி ஏறி உயிர்கள் போனதுண்டு. அதன் காரணமாகவே அமெரிக்க அரசு 2004-இல், தவறிப் பட்டால் இயங்காத வகையில் பொத்தான்கள் அமைய வேண்டும் என்று விதியைத் திருத்தியது. தடை பட்டால் தானாக இறங்கும் வசதி பல கார்களில் ஓட்டுநர் கதவுக்கு மட்டுமே உண்டு. ஆகவே பிள்ளைகள் பின்னால் இருக்கும்போது பூட்டுப் பொத்தானை அழுத்தி வையுங்கள். ஏற்றும் முன் திரும்பிப் பாருங்கள். சாவியைக் காரில் விட்டுப் பிள்ளைகளைத் தனியே அமர்த்திவிட்டு இறங்காதீர்கள். அன்று அந்தப் பூட்டை நான் அழுத்தியிருக்க வேண்டும். அது என் கடமை, பேரனுடையதன்று.

குனியமுத்தூரிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் உறுத்திற்று. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுங்கள், அறியாமல் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரிடும் என்ற கருத்தை சூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆவது வசனம் நமக்குப் போதிக்கிறது. அதை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். மோட்டாரைக் குற்றவாளி என்று சொன்ன பணிமனையாருக்கும், பேரனைக் குற்றவாளி என்று சொன்ன எனக்கும் என்ன வேறுபாடு? இருவரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. மோட்டாரை மாற்றியிருந்தால் போவது பணம். பொய்ப்பழி சுமந்த பிள்ளையின் மனத்திற்கு மாற்றுப் பாகம் கடையில் கிடைக்குமா?

அஸர் தொழுகை முடிந்ததும் அவனை அழைத்து, அறுந்த ஒயர்த்துண்டைக் கையில் கொடுத்தேன். "கெடுத்தது நீ இல்லை அத்தா, இதுதான். நன்னா விசாரிக்காமல் ஏசிவிட்டேன், என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவன் ஒயரை வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "இது எப்படி நன்னா உள்ளேயே அறுந்துபோச்சு?" என்று கேட்டான். காருக்கு அழைத்துச் சென்று, கதவைத் திறந்து, அந்த ரப்பர்க் குழாயைக் காட்டினேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வீட்டு நீர்மோட்டார் அடிக்கடி சூடேறி நிற்பதன் காரணங்களைப் பார்ப்போம். வஸ்ஸலாம்.