நகரைக் கட்டியவர்கள் குடியிருப்பது எங்கே?

பென்னாகரம் வட்டாரத்து மானாவாரி நிலங்கள் மழையை நம்பிக் கிடப்பவை. மழை பொய்த்தால், குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்படுவோர் பலர். மாடிமேல் மாடி எழுப்பும் அவர்கள், அக்கட்டடத்தின் ஓரத்திலேயே தகரக் கொட்டகையில் தங்குகின்றனர். வேலை முடிந்ததும் மூட்டை கட்டுகின்றனர். ஆகவே, ஒரு நகரம் எவருக்காகக் கட்டப்படுகிறது என்னும் கேள்வி நமக்கு அந்நியமானதன்று.

அன்பு வாசகர்களே! விடுதலைக்குப் பின் புதிதாக எழுந்த இரண்டு தலைநகரங்களின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. இந்தியப் பஞ்சாப் தலைநகரின்றி நின்றது. கிராமத்து விளைநிலங்களைக் கையகப்படுத்தி அங்கே சண்டிகரை எழுப்ப முடிவாயிற்று. முதல் வரைபடத்தை அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் தயாரித்தார். 1951 முதல் அதைத் திருத்தி உருவாக்கியவர் லே கொர்பூசியே. 1953 அக்டோபர் 7 அன்று குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் நகரைத் தொடங்கி வைத்தார்.

ஏறத்தாழ 1200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்ட பகுதிகளாக நகரம் பிரிக்கப்பட்டது. பள்ளி, கடை, பூங்கா யாவும் அந்தந்தப் பகுதிக்குள்ளேயே அமைந்தன. பெருஞ்சாலையைக் கடக்காமல் குழந்தைகள் பள்ளி செல்லலாம். அரசின் கடைநிலை ஊழியருக்கும் வீடு உண்டு. போற்றத்தக்க ஏற்பாடுதான்!

ஆனால், கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் அரசு ஊழியர்கள் அல்லரே! அவர்களுக்கு நிலையான இடம் ஒதுக்கப்படவில்லை. அவர்கள் குடிசைகளில் ஒதுங்கினர். 5 இலட்சம் பேருக்கெனத் திட்டமிட்ட சண்டிகரில், 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 10.5 இலட்சம் பேர் வாழ்ந்தனர். 2006 ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ், தகுதியுடையோர் எனக் கண்ட குடிசைவாசிகளுக்கு அரசு சிறு அடுக்கு வீடுகள் வழங்கியது உண்மை. பட்டியலில் இடம்பெறாதோர் நிலை? நான்காம் எண் காலனி என்னும் பெருங்குடிசைப் பகுதி இடித்துத் தள்ளப்பட்ட நாள் 2022 மே 1. உழைப்பாளர் தினம்!

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் இதையொத்த கதை உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் மொரிட்டானியா நாட்டின் நிர்வாகம், இன்று செனகல் நாட்டிலுள்ள செயின்ட் லூயி நகரிலிருந்து நடந்தது. 1960 இல் விடுதலை பெற்ற அந்த இஸ்லாமியக் குடியரசுக்கென, அட்லாண்டிக் கடலோர மணல்வெளியில் ஒரு சிற்றூரை ஒட்டி நுவாக்சோத் என்னும் தலைநகர் எழுப்பப்பட்டது. திட்டம் சுமார் 15,000 பேருக்கு. 1970களின் கொடிய வறட்சியில் ஆடுமாடுகளையும் ஒட்டகங்களையும் இழந்த நாடோடி மக்கள் தலைநகரை நோக்கி வந்தனர். நகரின் ஓரத்தில் அடித்த கூடாரங்கள் நாளடைவில் குடிசைகளாயின. இன்று அங்கே வாழ்வோர் 10 இலட்சத்திற்கும் மேல்!

சண்டிகரின் கொத்தனாரையும் நுவாக்சோத்தின் இடையரையும் வரைபடம் எண்ணிப் பார்க்கவில்லை. அலுவலகமும் அதிகாரியும் கணக்கில் வந்தனர். காய்கறிக்காரரும் சுமைதூக்குபவரும் வரவில்லை. இவர்களின்றி எந்த நகரமும் ஒருநாள்கூட இயங்காது. அதற்காகத் திட்டமே வேண்டாம் என்பது பேதைமை. திட்டமில்லா ஊரில் சாக்கடைக்கும் வழியிராது. அந்தத் திட்டத்தில் எளியவருக்கும் ஓர் இடம் குறிக்கப்பட வேண்டும், அவ்வளவே.

நம் கையில் ஒரு வழி உண்டு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 இன்படி, ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம் வகுக்கும்போது அதுபற்றி அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளும் யோசனைகளும் தெரிவிக்க மக்களுக்கு 2 மாதங்களுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். நாமோ அவ்வறிவிப்பைப் படிப்பதே இல்லை. படித்த இளைஞர்களும் ஜமாஅத் பெரியவர்களும் கூடி அமர்ந்து வரைபடத்தை விரித்துப் பார்க்கட்டும். பள்ளிக்கூடம் எங்கே, மையவாடி எங்கே, நீர் வடியும் ஓடை எங்கே என்று தேடட்டும். கூலித் தொழிலாளி குடியிருக்க இடம் எங்கே என்றும் மறவாமல் கேட்கட்டும். கட்டடம் எழுந்தபின் கேட்டுப் பயனில்லை.