தேர்ச் சிற்பத்தின் மூக்கு எங்கே?

ஆடிப்பூரம் வந்துவிட்டால் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. ஆண்டாள் தேரைப் பார்க்க வேண்டும். முடிந்தால் வடத்தைத் தொட்டு ஓர் இழுப்பாவது இழுக்க வேண்டும்!

தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் அது ஒன்று. ஒரு காலத்தில் மரச் சக்கரத்தில் ஓடியது. நிலைக்கு வந்து சேரப் பல நாட்கள் பிடித்ததுண்டு. பிற்பாடு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. இப்போது சில மணி நேரத்தில் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆபத்தும் குறைந்தது. நல்ல மாற்றம்தான்.

சக்கரத்தை மாற்றலாம். அதற்கு மேலே இருக்கும் மரத்தை?

துணியும் தோரணமுமாக நாம் அண்ணாந்து பார்க்கும் மேல்பாகம் திருவிழாவுக்குத் திருவிழா கட்டி அவிழ்ப்பது. சிற்பங்கள் நிறைந்த அடிப்பாகம்தான் உண்மையான தேர். எழுத்து தெரியாத ஜனங்களுக்கு ராமாயணமும் பாரதமும் சொல்லிக் கொடுத்த புத்தகம் அது.

தேர் மரத்துக்கு மழை ஓர் எதிரி. கரையான் இன்னோர் எதிரி. மூன்றாவது எதிரி பெயிண்ட் டப்பா! எந்த ஊரானாலும் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது யாராவது ஒரு புண்ணியவான் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். பழைய அழுக்கைப் போக்க முதலில் காஸ்டிக் சோடா. அது மரத்தின் நாரையே தின்றுவிடும். பிறகு உப்புத்தாள். தேய்க்கத் தேய்க்கச் சிற்பத்தின் மூக்கு மழுங்கும். அதன்மேல் கனமான எனாமல். உள்ளே புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரம் உளுத்துப்போகும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடி!

விஷயம் தெரிந்த தச்சர் இப்படிச் செய்யமாட்டார். தேரை வேறு இடத்துக்குத் தூக்கிப் போக முடியாது. ஆகையால் நின்ற இடத்திலேயே கொட்டகை போடுவார். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவார். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே ஜாதி மரத்தில் ஒட்டுப் போடுவார். அந்த மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் சுருங்கி, இணைப்பு வாய் பிளந்து, தண்ணீர் இறங்கும். இரும்பு ஆணியும் ஆகாது. துரு ஏறினால் ஆணி பருத்து மரத்தைப் பிளக்கும். மர முளைதான் சரி. கடைசியில் ஆளிவிதை எண்ணெய், அதுவும் மெல்லிசாக.

ஆண்டாள் கையிலுள்ள கிளியைத் தினமும் மரவள்ளி இலையில் புதிதாகச் செய்கிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ. இன்று வாடினால் நாளைக்கு வேறு கிளி. தேருக்கு அந்த வசதி இல்லை. பக்கத்து மலையில் மரம் வெட்டலாம் என்றால், அது 2021 முதல் புலிகள் காப்பகம்!

பாரிஸ் நகரத்து நோத்ர தாம் மாதா கோவிலின் ஓக் மரக் கூரை 2019-ல் எரிந்துபோனது. 2024 டிசம்பரில் கோவிலைத் திரும்பவும் திறந்தார்கள். கைக்கோடரியால் ஓக் மரங்களைச் செதுக்கிப் பழைய மாதிரியே கூரை போட்டார்கள். எப்படி முடிந்தது? 2014-லேயே இரண்டு பேர் அந்தக் கூரையை அளந்து படம் வரைந்து வைத்திருந்தார்கள். திருவாரூர்த் தேர் 1926-ல் எரிந்ததை நாமும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு தேரின் சிற்பங்களையும் இன்றே எண் போட்டுப் புகைப்படம் எடுத்து வைக்க என்ன தடை? பெயிண்ட் செலவைவிட அது குறைவு.

ஆனி மாதம் அவசரம் அவசரமாகத் தச்சரைத் தேடுவதை முதலில் நிறுத்த வேண்டும். ஆடித் தேர் நிலைக்கு வந்த கையோடு, ஆவணியிலேயே கொட்டகை போட்டுவிட்டால் தச்சருக்குப் பத்து மாதம் கிடைக்கும்.