மரமும் பாத்தியதையும்

சமீபத்தில் நண்பர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் கென்யாவின் வங்காரி மாத்தாய் பெயர் வந்தது. ஒரு நண்பர், கவிஞர், கனிந்த குரலில் சொன்னார்: 'ஆப்பிரிக்காவின் தாய். கோடிக்கணக்கில் மரம் வளர்த்தவள். அவளே ஒரு மரம்.' எதிரே இருந்தவர் மார்க்ஸீயவாதி. அவர் சிரித்தார். 'நார்வேக்காரன் பணம் கொடுத்தான், மரம் நட்டார்கள். பிறகு அதே நார்வேக்காரன் 2004-ல் சமாதானப் பரிசும் கொடுத்தான். ஜனங்களை வர்க்க அரசியலிலிருந்து திசைதிருப்ப இதைவிட மலிவான வழி உண்டா?' இருவரும் வெகுநேரம் சூடாக வாதிட்டார்கள். எனக்கோ இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்று பட்டது. ஒருவர் மாத்தாயைப் பூஜை அறைக்கு அனுப்பினார்; மற்றவர் குப்பைக்கு. அரசியல்வாதி என்ற ஸ்தானத்தை அவருக்குத் தர இருவருமே தயாராக இல்லை. அந்த மறுப்பைப் பற்றித்தான் இங்கு பேச வேண்டியிருக்கிறது.

மரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1977 ஜூன் 5-ம் தேதி நைரோபியில் நட்டவை ஏழே ஏழு கன்றுகள். நட்டவர் காட்டைக் கண்டு உருகிய கவிமனம் அல்ல. மிருக வைத்தியத் துறையில் உடற்கூற்றியல் படித்து, கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலேயே டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண், நைரோபி பல்கலைக்கழக ஆசிரியை. தேசீய மாதர் கவுன்சிலில் கிராமத்துப் பெண்கள் வந்து சொன்ன குறைகளை அவர் கேட்டிருந்தார். விறகில்லை. தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. விறகில்லாததால் நிதானமாக வேகும் தானியமும் பயறும் அடுப்பேறுவதில்லை. சீக்கிரம் வேகும் சத்தற்றதைக் குழந்தைகள் தின்கின்றன. இவற்றைத் தனித்தனிக் குறைகளாகக் கேட்டு அனுதாபப்பட்டிருக்கலாம். அவர் அவற்றின் வேரைத் தேடினார். மலைநாட்டுக் காடும் விளைநிலமும் தேயிலைக்கும் காப்பிக்கும் போயிருந்தன. முதலில் வெள்ளைக்காரக் குடியேறிகள் எடுத்துக்கொண்டார்கள். 1963-ல் சுதந்திரம் வந்தபின், எடுத்துக்கொள்ளும் கையின் நிறம் மாறிற்று. தம் சிறுவயதில் வீட்டருகே நின்ற அத்தி மரத்தைப் பற்றி மாத்தாய் எழுதியிருக்கிறார். கடவுளின் மரம் என்று கிகுயு மக்கள் அதை வெட்டமாட்டார்கள். சுள்ளிகூடப் பொறுக்கக்கூடாது என்பது தாயின் கட்டளை. அதனருகே ஊற்றெடுத்து ஓடிய ஓடையில்தான் அவர் விளையாடியது. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, காலம் கழித்துப் பார்க்கும்போது நிலத்தின் புதுச் சொந்தக்காரர் தேயிலைக்காக மரத்தை வெட்டியிருந்தார். ஓடையும் வறண்டுவிட்டது. இதை என் கவிஞ நண்பர் இழந்த பால்யத்தின் படிமமாக வாசிப்பார். மாத்தாய் அதை நிலப் பட்டாவின் சரித்திரமாக வாசித்தார். வித்தியாசம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

பெண்கள் நாற்றங்கால் போட்டபோது காட்டிலாகா அதிகாரிகள், மரம் வளர்க்க டிப்ளமா வேண்டும் என்றார்கள். தானியம் விதைத்து வளர்க்கும் கைக்கு மரத்துக்கு மட்டும் ஏன் சான்றிதழ்? உயிர்பிடித்த ஒவ்வொரு கன்றுக்கும் சில காசுகள் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஆம், அந்தக் காசு நார்வேயிலிருந்தும் ஐ.நா. நிதியிலிருந்தும் வந்ததுதான். மறைக்க ஒன்றுமில்லை. கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் காசு எதை வளர்த்தது என்பது. கன்றோடு கூடவே பசுமை வளைய இயக்கத்தின் வகுப்புகளும் நடந்தன. உங்கள் கஷ்டங்கள் என்ன, எங்கிருந்து வருகின்றன, யார் பொறுப்பு என்று கிராமத்தில் உட்கார்ந்து ஜனங்களே பட்டியல் போடும் வகுப்பு. கட்சி ஒன்றே, தலைவர் ஒருவரே, கேள்வி கூடாது என்றிருந்த தேசத்தில் இப்படி ஒரு பட்டியல் எவ்வளவு அபாயமானது என்பது என் மார்க்ஸீய நண்பருக்குப் புரியாவிட்டாலும் ஜனாதிபதி டேனியல் அராப் மோய்க்கு நன்றாகவே புரிந்தது.

1989-ல் நைரோபியின் நடுவிலிருக்கும் உஹுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழுப்ப ஆளும் கட்சியின் பத்திரிகை ஸ்தாபனம் திட்டமிட்டது. உஹுரு என்றால் சுதந்திரம். கட்டடத்தோடு மோயின் பிரும்மாண்டமான சிலை ஒன்றும் எழும்புவதாக ஏற்பாடு. பிரிட்டிஷ் பத்திரிகை முதலாளி ராபர்ட் மாக்ஸ்வெல் இதில் கூட்டாளி. மாத்தாய் கடிதம் எழுத ஆரம்பித்தார் - ஜனாதிபதி அலுவலகத்துக்கு, பத்திரிகைகளுக்கு, ஐ.நா.வுக்கு, பிரிட்டிஷ் ஹை கமிஷனருக்கு. லண்டன் ஹைட் பார்க்கில் இப்படிக் கட்ட விடுவீர்களா என்ற எளிய கேள்வி. பார்லிமெண்டில் அன்றைய அலுவலை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் அவரை வசை பாடினார்கள். அவரது இயக்கம் 'விவாகரத்தானவர்களின் கும்பல்' என்றார் ஓர் உறுப்பினர். அவருக்கு விவாகரத்தாகிப் பத்து வருஷமாகியிருந்தது. அந்தத் தீர்ப்பைக் குறை சொன்னதற்காகச் சிறைக்கும் போய்வந்திருந்தார். ஆப்பிரிக்க மரபுப்படி பெண் ஆண்களை மதித்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஜனாதிபதியே உபதேசித்தார். இயக்கத்தின் அலுவலகத்தை சர்க்கார் காலி செய்ய வைத்தது. வெள்ளைக்காரனுக்கு ஏன் எழுதினாள் என்று கேட்டவர்களின் தலைவருடைய கூட்டாளி ஒரு வெள்ளைக்கார முதலாளி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். 'அந்நியர் கையாள்' என்று அன்று மோயின் ஆட்கள் சொன்னதை, இன்று நம் நண்பர் முற்போக்கு மொழியில் திருப்பிச் சொல்கிறார். சொல்பவர் வேறு, உத்தேசம் வேறு என்பது உண்மைதான். ஆனால் ஒரு சர்வாதிகாரியின் வாக்கியம் தன் வாயில் அப்படியே பொருந்தி உட்காரும்போது ஒருவருக்குச் சற்றாவது கூச வேண்டாமா?

மாத்தாய் கோர்ட்டுக்குப் போனார். அங்குதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. வழக்கு தள்ளுபடியாயிற்று. பூங்காவுக்குக் கேடு உண்டா இல்லையா என்ற விசாரணைக்கே இடம் வரவில்லை. இந்த வழக்கைப் போட அவருக்குப் பாத்தியதை இல்லை என்றது நீதிமன்றம். பொதுநலத்துக்குத் தீங்கென்றால் அட்டர்னி ஜெனரல்தான் வரவேண்டும். அட்டர்னி ஜெனரலோ சர்க்காரின் ஆள். ஆக, பூங்கா எல்லோருக்கும் பொது. எல்லோருக்கும் பொதுவானதால் எவரொருவருக்கும் அதைக் காக்க உரிமை இல்லை. 'உனக்கு என்ன பாத்தியதை?' - மாத்தாயின் வாழ்வு முழுவதும் அவரைத் தொடர்ந்தது இந்த ஒரே கேள்விதான். காட்டிலாகா கேட்டதும் அதுவே, பார்லிமெண்ட் கேட்டதும் அதுவே. மரம் நடுவது அதற்கு அவர் சொன்ன பதில். நட்டவனுக்குத் தன் மரத்தில் ஒரு பாத்தியதை வந்துவிடுகிறது. எந்த ஆவணமும் தராத அந்த உரிமையை மண்வெட்டியும் ஒரு குடம் தண்ணீரும் தந்தன. கட்டடத் திட்டம் சுருங்கி, கடைசியில் 1992-ல் கைவிடப்பட்டது.

அதே 1992-ல், அதே பூங்காவில் நடந்தது மரத்தோடு சம்பந்தமே இல்லாத காரியம். அரசியல் கைதிகளின் தாய்மார்கள், வயதான கிராமத்துப் பெண்கள், பிப்ரவரி 28-ல் அங்கே உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மாத்தாய் கூடவே உட்கார்ந்தார். மார்ச் 3-ம் தேதி போலீஸ் கண்ணீர்ப்புகையோடும் தடியோடும் வந்தது. மாத்தாய் நினைவிழந்து விழுந்தார். தாய்மார்களில் சிலர் ஆடையைக் களைந்து போலீஸ்காரர்கள் முன் நின்றார்கள். பெற்றவளின் நிர்வாணத்தை மகன் காண்பது அவர்கள் மரபில் சாபம். ஆப்பிரிக்க மரபை உபதேசித்த ஜனாதிபதிக்கு மரபிலிருந்தே வந்த பதில் இது. பக்கத்து தேவாலயத்தின் நிலவறையில் சுமார் ஒரு வருஷம் போராட்டம் தொடர்ந்தது, கைதிகள் விடுதலையானார்கள். இந்தத் தாய்மார்களையும் கன்று நட்ட பெண்களையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்று 'சுற்றுச்சூழல்', மற்றது 'மனித உரிமை' என்று இரண்டு அலமாரிகளில் வைக்க மாத்தாயால் முடியவில்லை.

நைரோபியின் வடக்கே சுமார் ஆயிரம் ஹெக்டேர் கரூரா காடு. 1998-ல் அதன் பகுதிகள் ஆட்சிக்கு வேண்டியவர்களுக்கு மாளிகை கட்டப் பங்குபோடப்பட்டது தெரிந்தது. 1999 ஜனவரி 8-ம் தேதி மாத்தாயும் சில எம்.பி.க்களும் மற்றவர்களும் கன்றோடு போனார்கள். கூலிக் காவலாளிகள் தாக்கினார்கள். மாத்தாயின் மண்டை உடைந்தது. போலீஸ் ஸ்டேஷனில் புகாரில் அவர் கையெழுத்திட்டது தலையிலிருந்து வழிந்த தன் ரத்தத்தால். மாணவர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆகஸ்டில் பொது நிலத்தைத் தனியாருக்குக் கொடுப்பதற்கு மோயே தடை போட வேண்டி வந்தது. இதைப் 'பசுமைப் பணி' என்று சொல்வது, உப்பு சத்தியாக்கிரகத்தை உப்பு உற்பத்தி என்று சொல்வது மாதிரி.

அவரைத் தோல்வியே இல்லாத தெய்வமாக்கவும் எனக்கு இஷ்டமில்லை. தேர்தல் அரசியல் அவரை அதிகம் தோற்கடித்தது. 1982-ல் இடைத் தேர்தலில் நிற்கப் பல்கலைக்கழக வேலையை ராஜினாமா செய்தார். வாக்காளர் பதிவைக் காரணம் காட்டி நிற்க விடவில்லை, வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. 1997-ல் ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றார். மோயின் கட்சி வீழ்ந்த 2002-ல் டெட்டு தொகுதியில் 98 சதவீத ஓட்டு. 2003-லிருந்து 2005 வரை சுற்றுச்சூழல் துறையில் பதவி - அதுவும் துணை மந்திரிதான். 2007-ல் ஸீட்டும் போயிற்று. உலகமே பரிசு கொடுத்த பெண்ணுக்கு அவர் ஊரின் கட்சிக் கணக்கில் இடமில்லை. கன்று வாங்கிக்கொண்ட கை ஓட்டை வேறெங்கோ போட்டது. பசுமை அரசியல்வாதிகள் எல்லோரும் இந்த இடத்தில் வந்து முட்டுகிறார்கள்: நீண்ட காலத்தில் நிழல் தரும் ஒன்றை, ஐந்து வருஷத்துக்கொருமுறை எண்ணப்படும் ஓட்டாக மாற்றுவது எப்படி? அவரிடம் இதற்குப் பதில் இருக்கவில்லை. பதில் இருப்பதாக நடிக்கவுமில்லை.

ஆனாலும் ஒரு காரியம் நடந்தது. 2010-ல் கென்யா ஏற்ற புதிய அரசியல் சட்டம், சுத்தமான சுற்றுச்சூழலை ஒவ்வொருவரின் உரிமையாக்கிற்று. எவரும் வழக்குத் தொடரலாம். தமக்கோ பிறருக்கோ நஷ்டம் நேர்ந்ததென்று நிரூபிக்க வேண்டியதில்லை. 1989-ல் 'உனக்கு என்ன பாத்தியதை' என்று கேட்ட சட்டம், இருபத்தோரு வருஷம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரத்தை இழந்தது. அடுத்த வருஷம், 2011 செப்டம்பர் 25-ல், அவர் இறந்தார். மரப்பெட்டி வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் மூங்கிலும் நாணலும் ஆகாயத்தாமரையும் கொண்டு பின்னிய பெட்டியில் அவர் உடல் வைக்கப்பட்டது. ராஜ மரியாதைச் சடங்கு நடந்தது உஹுரு பூங்காவில்.

என் இரு நண்பர்களும் கவனிக்க வேண்டியது பிறகு நடந்ததை. 2023 நவம்பர் 13-ம் தேதி கென்ய சர்க்கார் மரம் நடுவதற்கென்றே தேசம் முழுவதற்கும் விடுமுறை விட்டது. 2032-க்குள் ஆயிரத்தைந்நூறு கோடி மரம் என்பது இலக்கு. மரம் வெட்டுவதற்கு 2018 முதல் இருந்த தடையை விலக்குவதாக ஜனாதிபதி அறிவித்ததும் அதே 2023-ல்தான், சில மாதங்களுக்கு முன். சர்க்காருக்கு மரம் நடும் மாத்தாய் வேண்டும். பாத்தியதை கேட்கும் மாத்தாய் வேண்டாம். கேள்வியைப் பிடுங்கிவிட்டுக் கன்றை மட்டும் நடலாம் என்று அது கண்டுபிடித்திருக்கிறது. கவிஞர் தரும் 'ஆப்பிரிக்காவின் தாய்' இந்த விழாவின் அழைப்பிதழில் அச்சாகக்கூடிய வாக்கியம். மார்க்ஸீயர் தரும் 'திசைதிருப்பல்', சர்க்கார் செய்த பிடுங்கலை மாத்தாயே செய்ததாகக் கணக்கெழுதுகிறது.

நம் கவிதைகளில் மரம் நிறைய நிற்கிறது. மௌனமாக, தனியாக, கவிஞனின் ஏகாந்தத்துக்கு ஒத்தாசையாக. அது யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று எந்தக் கவிதையும் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்காததால் அது கெட்ட கவிதை என்று சொல்ல வரவில்லை. கவிதைக்கு அந்த வேலையை யாரும் சுமத்த முடியாது. ஆனால் மண்டை உடைந்து ரத்தத்தில் கையெழுத்திட்ட ஒரு பெண்மணியை அந்த ஏகாந்த மரங்களின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அவருக்கு அரசியல்வாதி என்ற பெயரையே கொடுங்கள். அந்த வார்த்தைக்கு இங்கு எவ்வளவு கெட்ட பெயர் இருந்தாலும், அவருக்குச் சேரவேண்டியது அதுதான்.