கட்டிய கட்டணத்துக்கு டோக்கன் பரிசு: கிரிப்டோ சலுகையின் மறுபக்கம்

சக்குபள்ளம் (இடுக்கி): புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் விற்கும் விவசாயி கமிஷன் செலுத்துகிறார். பல ஆண்டுகள் கழித்து, ஏல மையத்துடன் தொடர்பில்லாத ஒருவர் அந்தப் பழைய ரசீதுகளைப் பார்த்து, தாமே அச்சடித்த கூப்பனைக் கொடுத்தால் அது கமிஷனைத் திருப்பித் தந்ததாகுமா? முன்பு செலுத்திய கிரிப்டோ பரிவர்த்தனைக் கட்டணத்துக்கு இலவச டோக்கன் என்ற அறிவிப்புகளின் உள்ளடக்கமும் ஏறத்தாழ இதுவே.

எத்தீரியம் வலைப்பின்னலில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 'கேஸ்' எனப்படும் கட்டணம் உண்டு. 2021 மே மாதத்தில் அதன் சராசரி 60 டாலரைக் கடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு, கட்டணத்தின் அடிப்படைப் பகுதி எவருக்கும் செல்லாமல் அழிக்கப்படுகிறது. அழிந்த பணத்தை எவராலும் திருப்பித் தர இயலாது. பரிசாக வருவது புதிதாக உருவாக்கப்பட்ட டோக்கன். வாங்க ஆள் இருந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு.

2022 ஜனவரியில் 'ஃபீஸ்.டபிள்யூடிஎஃப்' என்ற சேவை, பயனர்கள் அதுவரை செலவிட்ட கேஸ் கட்டணத்தைக் கணக்கிட்டு டோக்கன் வழங்கியது. சந்தையில் தொடக்கத்தில் வைக்கப்பட்ட இருப்பு மிகக் குறைவாக இருந்ததால், தானியங்கி நிரல்கள் முண்டியடித்ததில் விலை தாறுமாறானது. 42 ஈதர் கொடுத்து வாங்கிய ஒருவருக்கு ஒரு முழு டோக்கன்கூடக் கிடைக்கவில்லை. அதிகம் செலவழித்தவருக்கே அதிகப் பரிசு என்பதால், சிறிய தொகையுடன் நுழைந்தவர்கள் பெற்றது சொற்பமே. அதைக் கோருவதற்கும் மீண்டும் கேஸ் செலுத்த வேண்டும் என்பதுதான் வேடிக்கை.

இந்தியப் பயனர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. இத்தகைய பரிசு, சொந்த வாலட்டிலிருந்து நேரடியாகச் செலுத்திய கட்டணத்துக்கே கணக்கிடப்படுகிறது. இங்கு பெரும்பாலானோர் எக்ஸ்சேஞ்ச் செயலிகள் வழியாகவே வாங்கி விற்கின்றனர். அங்கு பிடிக்கப்படும் கட்டணம் பிளாக்செயினில் அவர்கள் பெயரில் பதிவாவதில்லை. எனவே, எக்ஸ்சேஞ்சில் மட்டுமே வர்த்தகம் செய்தவருக்கு 'உங்கள் பழைய கட்டணத்துக்குப் பரிசு காத்திருக்கிறது' என்று இணைப்புடன் செய்தி வந்தால், அதைச் சந்தேகிக்க இதுவே போதுமான காரணம்.

வரியும் சாதகமாக இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து லாபத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. பரிசுக்குத் தகுதி தேடித்தந்த அதே பழைய கேஸ் கட்டணம், வரிக் கணக்கில் செலவாக ஏற்கப்படுவதில்லை.

கேரளத்துக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. 'மோரிஸ் காயின்' என்ற பெயரில் முதலீட்டாளர்களிடமிருந்து சுமார் ரூ.1,200 கோடி திரட்டப்பட்டதாகக் கூறப்படும் வழக்கில், 2022 ஜனவரியில் அமலாக்கத்துறை சொத்துகளை முடக்கியது. அதில் டோக்கனைக் காட்டிப் பணம் வாங்கப்பட்டது. பரிசு டோக்கன் மோசடிகள் பலவற்றில் பணம் கேட்கப்படுவதில்லை. 'கோருக' என்ற பொத்தானை அழுத்தி ஒப்புதல் அளித்ததும், வாலட்டில் உள்ளதை எடுத்துச்செல்லும் அனுமதி எதிர்த்தரப்புக்குச் சென்றுவிடுகிறது. வாலட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை உண்மையான எந்தப் பரிசுத் திட்டமும் கேட்பதில்லை. ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.